“லெவல் ஏத்திட்டோம் சார்!”

போன வாரம் பக்கத்து வீட்டில் காம்பவுண்டு முழுக்க பேவர் பிளாக் பதித்தார்கள். ஒரு பிடி மண் கண்ணில் படக்கூடாது என்று வீட்டுக்காரர் உத்தரவு. பழைய தரையைவிட முக்காலடி உயரம். “லெவல் ஏத்திட்டோம் சார், இனி ஒரு சொட்டு நிக்காது” என்றார் மேஸ்திரி. உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மழையில் அங்கே ஒரு சொட்டும் நிற்கவில்லை. அத்தனையும் மதிலடியில் கசிந்து வந்து என் துவைகல்லைச் சுற்றி நின்றது. என் செருப்பில் ஒன்று மிதந்தது.

உயர்த்திவிட்டால் தண்ணீர்த் தொல்லை தீர்ந்ததாம்! காரைக்குடிப் பக்கம் என் அத்தை வீட்டு முற்றம் தாழ்வாரத்தைவிட ஒன்றரை அடி பள்ளம். நாலு பக்க ஓட்டுக்கூரைத் தண்ணீரும் அதற்குள்தான் கொட்டும். இவர்கள் கணக்குப்படி அத்தை வருஷாவருஷம் மூழ்கியிருக்க வேண்டும். அவளோ, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அந்த முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். கல் பாவியவனுக்கு வாட்டம் தெரிந்திருந்தது. 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரித்து மூலைத் தூம்புக்கு விட்டான். அவ்வளவுதான் சங்கதி.

பக்கத்து வீட்டுப் புதுத் தரையில் மேஸ்திரி முன்னாலேயே ஒரு வாளி ஊற்றினேன். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு நிதானமாக என் மதிலைப் பார்த்து நடந்தது. “பாருங்க, ஓடுதுல்ல?” என்றார்.

1000 சதுர அடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9000 லிட்டருக்கு மேல். ஒரு தண்ணீர் லாரி நிறைய! மணல் படுக்கையில் பதித்து இடுக்கிலும் மணல் தூவினால் கொஞ்சமாவது இறங்கும். இவர்கள் போட்டது அடியில் கான்கிரீட், இடுக்கில் சிமெண்ட் பால். 2003இல் சட்டம் போட்டு வெட்டவைத்த மழைநீர்க் குழிக்கு அதற்குள்ளேயே சமாதி. மே மாதம் லாரிக்குப் போன் போடுவார்கள். தண்ணி லாரி என்ற ஜந்துவை அத்தை பார்த்ததே இல்லை.

தெரு மட்டும் என்ன வாழ்கிறதாம்? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். ரோடு உயர, வீடு உயர, மறுபடி ரோடு உயர. நடுவில் கார் ஏற ஒரு சிமெண்ட் சறுக்கு, வடிகால் வாயை அடைத்துக்கொண்டு. அதில் வழுக்கி விழுந்த பால்காரருக்கு யார் பதில் சொல்வது?

“அவங்க முக்காலடின்னா நாம ஒரு அடி ஏத்திடலாம்” என்கிறாள் என் மனைவி. அதே மேஸ்திரி வந்து அளந்தும் பார்த்துவிட்டார். வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அந்தப் பக்கத்து வீட்டு மதிலைக் காட்டினார்.