குளிகையை நிறுத்துவது யார்?

மூளையிலே கட்டி இருந்தது. சத்திர சிகிச்சை செய்து அதனை அகற்றிவிட்டார்கள். நோயாளி வீடு திரும்புகிறார். அவருடன் ஒரு சிறு குளிகையும் வீட்டுக்கு வருகிறது. டெக்ஸாமெதசோன் என்பது அதன் பெயர். ஸ்டெரொயிட் இனத்தைச் சேர்ந்த மருந்து அது.

சில வாரங்களில் முகம் உப்புகிறது. இரவில் உறக்கமில்லை, பசியோ அடங்குவதில்லை. சாந்தமாயிருந்தவர் சிறு காரியத்துக்கும் சீறி விழுகிறார். "கட்டிதான் போய்விட்டதே, இந்தப் பாழும் குளிகை இனி எதற்கு?" என்று வீட்டிலே ஒருவர் கேட்கிறார். அன்றே குளிகை நின்றுவிடுகிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. கட்டியைச் சூழ்ந்த நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்கினால், அவ்வீக்கத்துக்கு அங்கே இடமில்லை. தலைவலி, வாந்தி, கைகால் சோர்வு, மயக்கம் ஆகியவை அந்நெருக்கத்தால் விளையக்கூடும். கத்தி பட்ட இடமும் சில நாட்களுக்கு வீங்கவே செய்யும். 1961ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினெசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலிசிச், பிரெஞ்ச் என்னும் வைத்தியர்கள், டெக்ஸாமெதசோன் இவ்வீக்கத்தை வடியச் செய்வதை எடுத்துக்காட்டினர். நோயாளிகள் பலர் ஓரிரு நாட்களிலேயே தெளிவடைய இம்மருந்து உதவுகிறது.

அப்படியாயின், அதனைத் திடீரென நிறுத்தலாகாது என்பது ஏன்? சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பை நாள்தோறும் உண்டாக்குகின்றன. குருதி அமுக்கத்தைக் காப்பதற்கும், நோயையும் காயத்தையும் தாங்குவதற்கும் அது இன்றியமையாதது. டெக்ஸாமெதசோன் அதே வேலையை ஏறக்குறைய 25 மடங்கு வலிமையுடன் செய்வது. அது வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கையில் சுரப்பிகள் தம் தொழிலை விட்டு உறங்கிவிடுகின்றன. வாரக்கணக்கில் உட்கொண்ட பின் திடீரென நிறுத்தினால், அவை உடனே விழித்தெழா. கடுஞ்சோர்வும் வாந்தியும் தோன்றும். குருதி அமுக்கம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மூளை வீக்கமும் மீளக்கூடும். ஆதலால் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

தேவைக்கு மேல் தொடர்வதும் தீங்கே. இரத்தத்தில் சர்க்கரை ஏறும், தொடைத் தசைகள் தளரும், இரைப்பை புண்ணாகலாம், கிருமித் தொற்று எளிதாகும். எனவே குளிகையை உணவுடனேயே கொடுங்கள். வைத்தியர் குறித்த வேளை தவறாதீர்கள். இரவு உறக்கத்தைக் காக்கவே பெரும்பாலும் காலையிலும் நண்பகலிலும் கொடுக்கச் சொல்வார்கள். எந்நாளில் எவ்வளவு குறைப்பது என்பதை நாட்காட்டியிலே எழுதிவையுங்கள். சர்க்கரையைச் சோதிப்பியுங்கள். காய்ச்சல், கரிய மலம், குளிகை தங்காத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வேறு எந்த வைத்தியரிடம் சென்றாலும், பல் வைத்தியராயினும், இம்மருந்தைப் பற்றிக் கூறுங்கள்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவின் உப்பிய முகத்தைக் கண்டு அஞ்சவோ நகைக்கவோ வேண்டாம். அவருடைய சீற்றத்திலே மருந்துக்கும் பங்குண்டு. மருந்து குறையக் குறைய முகமும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை பொறுத்திருப்பதும் நாம் செய்யக்கூடிய சிகிச்சையே.