எஸ்எஸ்டி வாங்க முன் ஒரு கேள்வி

எமது வகுப்பு மாணவர் ஒருவரின் வாப்பா கட்டாரில் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்து, மகனுக்கு ஒரு எக்ஸ்டேர்னல் எஸ்எஸ்டி வாங்கி அனுப்பியிருந்தார். பிளேஸ்டேஷன் 5இல் இடம் முடிந்துவிட்டதாம். பிள்ளை கேமை அதற்கு மாற்றினான். மாறியது, ஆனால் விளையாட முடியவில்லை. சாமான் பழுது என்று உம்மா கலங்கிப்போனார்.

பழுதே இல்லை. பிளேஸ்டேஷன் 5 கேம்கள் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் வேகத்தை, அதாவது செக்கனுக்கு 5.5 ஜிகாபைட்டை, நம்பிச் செய்யப்பட்டவை. யூஎஸ்பி எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 1 ஜிகாபைட்டைத் தாண்டுவதில்லை. அந்தக் கேம்களை அதில் வைத்திருக்கலாம். விளையாட மீண்டும் உள்ளே மாற்ற வேண்டும். வைத்திருக்க மட்டும் என்றால் விலை குறைந்த ஹாட் டிஸ்க்கே போதுமே! விளையாட இடம் வேண்டுமென்றால் உள்ளே பூட்டும் எம்.2 எஸ்எஸ்டி வாங்க வேண்டும். ஜென் 4, ஹீட்சிங்க்குடன்.

"பிஎஸ்5க்குச் சரிவரும்" என்று சொல்லி விற்பவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார்கள். அந்தப் பாதிக்குத்தான் நமது வாப்பாமார் வெயிலில் உழைத்த காசு போகிறது. என்ன கேம் என்று ஒரு வார்த்தை கேட்டு விற்பது அவ்வளவு கஷ்டமா?

இன்னொன்று. சில ஆயிரம் ரூபாவுக்கு 16 டெராபைட் எஸ்எஸ்டி என்று விளம்பரம் வந்தால் கிட்டவும் போகாதீர்கள். அது போலி.

நல்லவேளை, பிளேஸ்டேஷன் 4 கேம்கள் எக்ஸ்டேர்னலில் இருந்தே ஓடும். அந்தப் பிள்ளையிடம் அப்படி நாலைந்து பழைய கேம்கள் இருந்தன. அவற்றை எஸ்எஸ்டிக்கு மாற்றிக் கொடுத்தோம், உள்ளே இடம் கிடைத்தது. வாப்பாவுக்கு அன்றிரவே வொய்ஸ் போட்டுச் சொல்லியும் விட்டோம்.