சந்தாவை நிறுத்த வேண்டாம், பெயர்களை மாற்றுங்கள்: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கு,

சர்வதேச சமூக மேம்பாட்டுச் சங்கத்தில் நம் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் நிறுவன உறுப்பினர் பதிவை இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டாம் என்று நிதிப் பிரிவு எழுதிய குறிப்பு தங்கள் மேசைக்கு வந்திருக்கும். ‘பயன்பாடு இல்லை’ என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். சமூகப்பணித் துறையில் களப்பயிற்சியைக் கவனிக்கும் ஆசிரியன் நான். இதைக் கோப்பிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் இப்படிச் சந்தா கட்டிவிட்டு மறந்துபோகும் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நம்மைப்போல் இன்னும் பல உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றே வெளிப்படையாக எழுதுகிறேன்.

பயன்பாடு இல்லை என்பது உண்மைதான். ஏன் இல்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. விண்ணப்பத்தில் தொடர்பு முகவரியாக நாம் கொடுத்தது அலுவலகத்தின் பொது மின்னஞ்சல். டெண்டர் கடிதங்களுக்கும் தேர்வுக் கட்டணப் புகார்களுக்கும் நடுவில் சங்கத்தின் செய்திமடலும் இணையவழிக் கலந்துரையாடல் அழைப்புகளும் திறக்கப்படாமலே கிடந்தன. அவற்றைத் துறைக்கு அனுப்பிவைக்கும்படி யாருக்கும் உத்தரவு இல்லை. நாம் உறுப்பினர் என்பதே களத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் நாக் தர மதிப்பீட்டுக் குழு வந்தபோது தயாரித்த அறிக்கையில், ‘சர்வதேசத் தொடர்புகள்’ என்ற தலைப்பின் கீழ் இந்த உறுப்பினர் பதிவு முதல் வரியில் இருந்தது.

1953-ல் தொடங்கிய சங்கம் இது. ஸ்காட்லாந்தில் பதிவுபெற்றது, ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்து உடையது. உத்தராகண்ட் மலைக்கிராமங்களில் பணியாற்றிய அனிதா பால் இதன் தலைவராக இருந்திருக்கிறார். சமூக மேம்பாட்டுப் பணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பொது வரையறைகளை எட்டுத் தலைப்புகளில் 2018-ல் இது வெளியிட்டது. மருத்துவருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது, வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருக்கிறது. ஊருக்குள் போய் மக்களைக் கூட்டி உட்கார வைத்து வேலை செய்கிறவருக்கு நம் நாட்டில் சட்டப்படியான தொழில் மன்றம் எதுவும் இல்லை. செய்தது சரியா என்று கேட்டுத் தெளிய, தன்னைப் போன்றவர்களோடு பேச, இதுபோன்ற சங்கங்களை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் குறைவு.

எங்கள் மாணவர்கள் களப்பயிற்சி பெறும் ஊராட்சி ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சமுதாய வளப் பயிற்றுநராக ஒரு பெண் இருக்கிறார். பிளஸ் டூ வரை படித்தவர். ஏழைக் குடும்பங்களின் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு வந்தது. கூட்டம் வழக்கமாக நடப்பது கோயில் மண்டபத்தில். காலனிப் பெண்கள் அங்கே வரமாட்டார்கள். வந்தாலும் வாசலைத் தாண்டமாட்டார்கள். யாரோடும் சண்டை போடாமல், நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரைக்குக் கூட்டத்தை மாற்றினார் அவர். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எல்லாத் தெருப் பெண்களும் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருந்த, தனக்கென்று ரேஷன் கார்டு இல்லாத ஒரு விதவையின் பெயர் பட்டியலில் இல்லை என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. தீர்மான நோட்டில் அந்தப் பெயர் ஏறியது. கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பயிற்றுநர் என்னிடம் கேட்டார்: “சார், இந்த மாதிரி சிக்கல் வந்தா மத்த ஊர்ல, மத்த நாட்டுல எல்லாம் என்ன பண்றாங்க?”

துணைவேந்தர் அவர்களே, அந்த உறுப்பினர் பதிவு இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். யாரையும் விட்டுவிடாமல் சேர்ப்பது, மக்களே கூடித் திட்டமிடுவது என்று அந்த எட்டுத் தலைப்புகளில் இருப்பவற்றை, ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமலே இந்தப் பெண் செய்துகாட்டினார். அவருக்குப் போக வேண்டிய கடிதம் நம் அலுவலகப் பெட்டியில் கிடந்தது.

இது நம் நாட்டில் புதிதாக நேர்ந்த கோளாறும் அல்ல. 1952 அக்டோபர் 2 அன்று 55 திட்டப் பகுதிகளில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வட்டார அலுவலகம் வந்தது, கிராம சேவகர் வந்தார், ஜீப்பும் வந்தது. ஐந்தே ஆண்டில், 1957-ல், பல்வந்த்ராய் மேத்தா குழு பார்த்துச் சொன்னது என்ன? மக்கள் தாமாக முன்வந்து பங்கெடுக்கவில்லை, அதிகாரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகளிடம் கொடுங்கள் என்பதுதான். யாருக்காகத் திட்டமோ அவர்கள் வெளியே நிற்க, அலுவலகம் மட்டும் உள்ளே இருந்தது. இதைத்தான் வகுப்பில் முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். நம் சொந்தச் சந்தாவில் அதையே செய்திருக்கிறோம்.

வாங்குவதற்கு மட்டும் இந்த உறவு என்று எண்ண வேண்டாம். நம்மிடம் கொடுக்கவும் நிறைய இருக்கிறது. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பின்னால் அதுவே மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. 2005-ல் வந்த புது வாழ்வுத் திட்டத்தில் ஊருக்கு ஊர் வறுமை ஒழிப்புச் சங்கமும், அதன் கணக்கைக் கேட்க ஊர்க்காரர்களே உட்காரும் சமூகத் தணிக்கைக் குழுவும் அமைந்தன. ‘மக்கள் நிலை ஆய்வு’ செய்து, யார் ஏழை என்பதை ஊரே கூடிச் சொல்லி, கிராம சபையில் ஒப்புதல் வாங்கினார்கள். இந்த அனுபவம் உலக அரங்கில் பேசப்பட வேண்டும். அதை ஆய்வுக் கட்டுரையாக்கி நாங்கள் பேசுவது ஒரு வகை. செய்தவர்களே பேசுவதற்கு ஈடாகாது.

எனவே பதிவைப் புதுப்பியுங்கள். தொடர்பு முகவரியை அலுவலகத்திலிருந்து களப்பயிற்சிப் பிரிவுக்கு மாற்றுங்கள். பல்கலைக்கழகத்தின் சார்பில் சங்கத்தோடு பேசப்போகிறவர்களின் பட்டியலில், உன்னத் பாரத் அபியான் திட்டக் கிராமங்களில் அலையும் மேற்பார்வையாளர்களும் கூட்டமைப்புப் பெண்களும் இருக்கட்டும். அந்தப் பெண்கள் நம் ஊழியர்கள் அல்ல என்று ஆட்சேபம் வரும். களப்பயிற்சி வழிகாட்டிகள் என்று ஓர் ஆணை போட்டால் அது தீர்ந்தது. மாணவர்களுக்கு உண்மையில் கற்றுக்கொடுப்பவர்களும் அவர்கள்தானே. ஆங்கிலம் தடை என்பார்கள். வரும் கட்டுரைகளைத் தமிழாக்கித் தருவதை முதுகலை மாணவர்களின் களப்பணி மதிப்பெண்ணில் சேர்க்கத் துறை தயார். இணையவழிக் கூட்டம் நடக்கும் நாளில் மடிக்கணினியோடு கூட்டமைப்புக் கட்டடத்துக்கே போய் உடனிருந்து மொழிபெயர்க்க நானும் சக ஆசிரியர்களும் பொறுப்பேற்கிறோம். விமானச் செலவு எதையும் கேட்கவில்லை.

புதுப்பிப்புப் படிவத்தைத் துறையில் நிரப்பி வைத்திருக்கிறேன். தொடர்பாளர் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. மார்ச் 31-க்கு முன் கூட்டமைப்பு நிர்வாகிகளைத் தாங்கள் ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும். யாரைப் போடலாம் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமூகப்பணித் துறை ஆசிரியன்