ஆலிவ் எண்ணெயும் ரேஷன் பாமாயிலும்

ஓசூரின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் ஆலிவ் எண்ணெய்க்கு இப்போது தனி வரிசை உண்டு. இதய நோயைத் தடுக்க மெடிட்டரேனியன் உணவுமுறையைப் பின்பற்றுங்கள் என்று அச்சடித்த தாளோடு அங்கே வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆலிவ் எண்ணெய், வால்நட், சால்மன் மீன் என்று போகிறது பட்டியல். அதே தாளை தென்பெண்ணை ஓரத்துத் தொரப்பள்ளியிலிருந்து சிப்காட்டுக்கு நைட் ஷிஃப்ட் போகிற ஒருவரிடம் நீட்டினால் என்ன செய்வார்? மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிபி மாத்திரை வாங்கப் போவார். அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று நாம் இங்கே உட்கார்ந்து எழுதுவோம்.

அந்த உணவுமுறை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கரான ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், கிரேக்கத்தின் கிரீட் தீவு ஆண்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் சாப்பிட்டது ரொட்டி, பருப்பு வகைகள், கீரை, காய், பழம், தாராளமாக ஆலிவ் எண்ணெய். கறி எப்போதாவதுதான். வயலில் உடல் நோக உழைத்த, கையில் காசு இல்லாதவர்களின் சாப்பாடு அது. அதைத்தான் இன்று கண்ணாடி பாட்டிலில் அடைத்துப் பணக்காரச் சரக்காக நமக்கு விற்கிறார்கள்.

இந்த உணவுமுறைக்கு ஆதாரம் கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது ஸ்பெயினில் நடந்த ப்ரெடிமெட் ஆய்வை. இதய நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 7,447 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2013இல் வெளியான கட்டுரை, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குளறுபடி தெரிந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை: மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 30 சதவீதம் குறைவு.

நம் ஆரோக்கியக் கட்டுரைகள் விட்டுவிடுகிற ஒரு விவரம் அதில் இருக்கிறது. ஒரு குழுவுக்கு வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்கு ஆளுக்குத் தினம் 30 கிராம் கொட்டைகள். இரண்டும் இலவசம்! அறிவுரையோடு பொருளும் வீட்டுக்குப் போனது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், ப்ரெடிமெட் ஒரு ரேஷன் கடை. அந்த முடிவிலிருந்து ரேஷனைக் கழித்துவிட்டு அறிவுரையை மட்டும் இறக்குமதி செய்தவர்கள் நாம்.

இந்தியாவிலும் ஒரு ஆய்வு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலிருந்து ஆர்.பி. சிங் குழுவினர், இந்தோ-மெடிட்டரேனியன் உணவு இதய நோயைக் குறைக்கிறது என்று 2002இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 2005இல் அதே லான்செட் அந்தக் கட்டுரையின் மீது ஐயக் குறிப்பு வெளியிட்டது. அவருடைய பழைய கட்டுரை ஒன்றைப் பற்றி பிஎம்ஜே இதழும் அப்படியே செய்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. நம் தட்டைப் பற்றி நமக்கென்று சந்தேகத்துக்கு இடமில்லாத பெரிய ஆய்வு வேண்டாமா?

இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பும். "நம் முன்னோர் ராகிக்களி சாப்பிட்டார்கள், மாரடைப்பு வந்ததா?" என்று. சாமி, களி உருண்டையும் மாவுச்சத்துதான். இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2025இல் சொன்னது. சோற்று மலையை இடித்துக் களி மலை கட்டுவதால் இதயம் பிழைத்துவிடாது. ராகியைவிட முக்கியம் அதன் கூட இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி தனியாக விளையவில்லை. ஊடு சாலில் அவரை, மொச்சை, துவரை போடுவார்கள். ராகி அறுத்த பிறகு கொள்ளு. களிக்குத் தொட்டுக்கொள்ள அவரைக்கொட்டைச் சாறு, கீரை மசியல், கொள்ளுச்சாறு. கடலை எண்ணெயும் நிலக்கடலையும் இங்கேயே கிடைக்கும். கிரீட் விவசாயியின் தட்டுக்கு நம் மண்ணில் கிடைக்கிற நெருங்கிய சொந்தம் இதுதான்.

சரி, அரசு இதில் என்ன தருகிறது? குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு, ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு. நாலு பேர் உள்ள வீட்டில் கணக்குப் போடுங்கள்: அந்தப் பருப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். பாமாயிலில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போகாது. ரேஷனில் கடலை எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அட்டைக்கு இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லது. அவரையும் கொள்ளும் எப்போது வரும்?

கேன்டீனுக்கு வருவோம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு கேன்டீனைக் கட்டாயமாக்க வழி செய்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். என்ன பரிமாறுவது, என்ன விலை, நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் என்று எல்லாவற்றுக்கும் விதி செய்ய அதன் 46ஆவது பிரிவு இடம் கொடுத்தது. நான் பார்த்த கேன்டீன்களில் அந்தக் குழுக்கள் பேசியது சோற்றின் அளவைப் பற்றித்தான். தட்டில் ஒரு கரண்டி சுண்டல் கூடுதலாக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சம்பள உயர்வோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கோரிக்கை அது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று, சாமனப்பள்ளியில். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசல்வரை வருகிறது. அருமையான திட்டம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நோய் வந்தவரின் வாசல்வரை மாத்திரையைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நோய் வருமுன் அதே வாசலுக்கு மாதம் மூன்று கிலோ பருப்பும் இரண்டு லிட்டர் கடலை எண்ணெயும் கொண்டுசேர்ப்பது முடியாத காரியமா? செலவாகும்தான். மாரடைப்புக்கும் செலவாகிறது. அதை இப்போது தொரப்பள்ளிக் குடும்பங்கள் தங்கள் கைக்காசிலிருந்து கட்டிக்கொண்டிருக்கின்றன.