முதுமைக்கும் பருவங்கள் உண்டு

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்தாகப் பகுத்துக் கண்டனர். உலா இலக்கியம் பெண்ணின் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்து, 40 வயதோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின்வரும் நெடிய காலம் பெரும்பாலும் 'மூப்பு' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. நாலடியாரின் 'இளமை நிலையாமை' அதிகாரத்திலும் முதுமை, இளையோருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையாகவே வருகிறது.

இந்தப் பார்வை நம் வீடுகளிலும் உள்ளது. "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்ற சொல்லை மருத்துவமனையில் நாள்தோறும் கேட்கிறேன். பெரும்பாலும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆயினும், குணப்படுத்தக்கூடிய நோய் கவனிக்கப்படாமல் போவதற்கு இச்சொல்லே காரணமாகிவிடுகிறது என்பது என் கருத்து.

புறநானூற்றின் 243ஆம் பாடல் இதற்கு நல்ல மாற்று. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. ஆழமான நீர்த்துறையில் மருதமரக் கிளையிலிருந்து குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை ஒரு முதியவர் நினைவுகூர்கிறார். இன்றோ கையில் ஊன்றுகோல், உடலில் நடுக்கம், இருமலுக்கு இடையே சில சொற்கள். முன்பு எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்னும் இரண்டையும் அப்பாடல் அருகருகே வைக்கிறது. மருத்துவருக்குத் தேவைப்படுவதும் இதுவே.

சென்ற வாரம் வரை செய்தித்தாள் படித்தவர் இரண்டே நாளில் குழம்பிப் பேசினால், அதற்கு வயது காரணமன்று. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடிக்கடி விழுவதற்குக் கண்புரையோ, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் தாழ்வதோ காரணமாகலாம். யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருப்பவருக்குக் காது கேளாமை, மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் மருந்தால் மாற்றிவிட முடியாது என்பதும் உண்மை. தேய்ந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. மறதி நோய்கள் பலவற்றை இன்று முற்றிலும் குணப்படுத்த இயலாது. அந்நிலையிலும் வலியைக் குறைக்கலாம், விழாமல் காக்கலாம், உண்பதையும் உறங்குவதையும் எளிதாக்கலாம்.

ஆண்டுகள் பலவாகியும் நரை தோன்றாதது ஏன் என்று வினவப்பட்டபோது, பிசிராந்தையார் எந்த மூலிகையையும் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என உடனிருப்போரையே காரணமாகச் சொன்னார். நரைப்பதில் பரம்பரைக்கே பெரும்பங்கு என்பது மருத்துவம் கூறுவது. எனினும் ஒருவருடைய முதுமை அவரைச் சூழ்ந்திருப்போரையும் பொறுத்தது என்னும் அவர் கருத்து இன்றும் பொருந்தும். பராமரிப்பவரும் ஓய்வின்றித் தளர்ந்துவிடலாகாது. வீட்டிலுள்ளோர் அப்பணியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அடுத்தமுறை முதியவரை அழைத்து வரும்போது மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: ஆறு மாதங்களுக்கு முன் அவர் தாமாகவே செய்துவந்தவை எவை, அவற்றுள் எது, எப்போது நின்றது, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் யாவை. இயன்றவரை அவரையே பேசவிடுங்கள். இருமலுக்கு இடையே வரும் சொற்கள் சிலவே ஆயினும், நோயைக் கண்டறிய அவை பெரிதும் உதவும்.