இடுப்பை அளந்து பாருங்கள்

ஊர்ப் பெரியோருக்கும் இளையோருக்கும், மாநகராட்சிப் பூங்காவில் தினமும் காலை நடை போகும் நாங்கள் எழுதுவது.

'கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க' என்பது நம்மிடையே இன்றும் பாராட்டு. அதுவே இன்னும் சற்றுக் கூடினால் கேலி. இரண்டுக்கும் நடுவில் வைத்தியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம்.

தராசைவிட இன்ச் டேப் நமக்கு உதவும். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு இங்கே அதிகம். குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாது. சர்க்கரை, பிரஷர், ட்ரைகிளிசரைடு மூன்றும் ஏறும். இதய ரத்தக்குழாய் அடைபடும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேன்ட் அளவை நம்பாதீர்கள். அதைத் தொப்பைக்குக் கீழே அல்லவா கட்டுகிறோம்!

ஒல்லியாகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 80 கிலோ இருப்பவர் நான்கிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே பிரஷரும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். சாப்பாடு, நடையால் முடியாதவர்களுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு; அவற்றை நாடுவது சோம்பேறித்தனம் அல்ல. 2023இல் வெளியான 'செலெக்ட்' ஆய்வில், இதய ரத்தக்குழாய் நோயும் கூடுதல் எடையும் கொண்ட, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேர் பங்கேற்றனர். எடை குறைக்கும் செமாகுளூடைட் ஊசி போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு. ஆனால் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல், ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று தயவுசெய்து வாங்காதீர்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்லதுதான். மாத்திரை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஞாயிறு காலை ஆறரைக்குப் பூங்கா வாசலில் டேப்போடு இருப்போம். பெண்களுக்குப் பெண்களே அளப்பார்கள்; அளவைச் சத்தமாகச் சொல்ல மாட்டோம். கூடுதலாக இருந்தால் திங்களன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்களில் ஒருவர் உடன் வருவார். அன்று வெறும் வயிற்றில் வாருங்கள், சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்தே பார்த்துவிடலாம்.