மடிப்புக் கலையாத நினைவுகள்

போர்க்களத்தைப் பாடுவதில் தமிழினம் எவர்க்கும் இளைத்ததன்று. வெட்சி முதல் வாகை வரை திணை வகுத்து, வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. ஆயினும், ஓர் இளைஞன் களத்திற்குச் செல்லுமுன் வீரனாக்கப்படும் பயிற்சிக் காலத்தை நாம் எந்த அளவுக்குப் பதிந்து வைத்திருக்கிறோம்? முன்னாள் படைவீரர்களைக் காணச் செல்வோர், "எத்தனை போர் கண்டீர்கள்?" என்றே வினவத் தொடங்குகின்றனர். அந்த முதல் வினாவிலேயே பாதி வரலாறு நழுவிப் போகிறது என்பது என் துணிபு.

கொடைக்கானல் மலையில், படிப்படியாய் இறங்கும் வயல்களுக்கு நடுவே பள்ளங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு எண்பதைக் கடந்த முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்திக்கும் பேறு எனக்குக் கிட்டியது. 1962 சீனப் போரையடுத்துப் படையில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயின்றவர் அவர். "போரைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றேன். "அது இருக்கட்டும் தம்பி. உடுப்புக்குக் கஞ்சி போடத் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

பின்னர் ஒரு மணி நேரம் அவர் பேசியது அனைத்தும் உடுப்பைப் பற்றியே. மலை மழையில் துணி காயாது. ஈரம் போகும்வரை கரிப்பெட்டியால் தேய்த்தாக வேண்டும். மடிப்பு நேராய் விழுந்த கால்சட்டையை இரவில் மெத்தைக்கடியில் விரித்து, அதன்மேல் புரளாமல் உறங்க வேண்டும். இடைவாரின் பித்தளைக் கொக்கி பிராசோவில் மின்ன வேண்டும். பூட்ஸின் முனையில் முகம் தெரிய வேண்டும். விடியலில் உடைமைகளை எல்லாம் கட்டிலின்மேல் வரிசை பிசகாமல் பரப்பிவிட்டு, 'சாவ்தான்' என்ற குரலுக்கு விறைத்து நிற்க வேண்டும். ஒரு பொத்தான் தளர்ந்திருப்பினும் மைதானத்தைச் சுற்றி ஓட்டம் உறுதி. "அம்மா துவைத்துப் போட்டதை உடுத்தித் திரிந்தவன் நான். ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தது பட்டாளம்தான்" என்று கூறி நகைத்தார்.

இவற்றைச் சில்லறைச் செய்திகள் என ஒதுக்குதல் தகாது. 'காக்கி' என்னும் சொல்லையே பாருங்கள். பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி, மண். 1840-களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லைப்புறத்தில் லம்ஸ்டன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய படையிலிருந்து உலகெங்கும் பரவிய நிறம் அது. விடுதலைக்குப் பின் நம் தரைப்படை ஆலிவ் பச்சைக்கு மாறிற்று. காவல்துறையும் தேசிய மாணவர் படையும் காக்கியைத் தொடர்கின்றன. ஆங்கிலேயர் படையைச் சாதிவாரியாகப் பிரித்து ஆண்டவர்கள் என்பதை மறப்பதற்கில்லை. எனினும், "ஒரே குழாயடியில் துவைத்தோம், ஒரே கொடியில் உலர்த்தினோம். எது எவன் சட்டை என்று எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்" என்று அந்தப் பெரியவர் சொன்னபோது, சமத்துவம் என்னும் சொல்லுக்கு இதனினும் எளிய விளக்கம் உண்டோ என வியந்தேன்.

உடுப்பு பேணுவோரை வீரத்திற்கு அயலார் என எண்ணுவோர் அப்துல் ஹமீதை நினைத்தல் வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் தாமுப்பூர் என்னும் சிற்றூரில் தையற்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, தந்தையின் தொழிலுக்குத் துணை நின்று, 1954-இல் கிரெனேடியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர் அவர். அவர் வகித்த பதவி கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். அதாவது, தம் கம்பெனியின் உடுப்புக்கும் பொருளுக்கும் பொறுப்பாளர். அவரே 1965 செப்டம்பரில் கேம்கரண் களத்தில், ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் பகைவரின் டாங்கிகளைத் தகர்த்து உயிர் ஈந்து, பரம்வீர் சக்ரா பெற்றார். கணக்கேட்டைப் பிசகின்றிக் காத்த கைதான் களத்திலும் குறி தவறாதிருந்தது.

"பளபளப்பெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வெற்றுப் பகட்டு" என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, பீலி சூட்டி மின்னிய வேல்களைக் கண்ட ஒளவையார், அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று நகையாடியதைப் புறநானூறு காட்டுகிறது. பயன்படாத பளபளப்பு பெருமையாகாது. ஒரு பொத்தானுக்காக ஓர் இளைஞனை மயங்கி விழும்வரை ஓடவிடுதலும் ஒழுக்கமாகாது. ஆனால், தன் உடைமையைத் தானே பேணும் பழக்கம் பகட்டன்று. அது பொறுப்பின் முதற்பாடம்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிட்டோம். படைமுகாம்தோறும் வண்ணார் உண்டு. இன்றளவும் தரைப்படையில் அத்தொழிலுக்கென ஆள் சேர்க்கப்படுகின்றனர். அவர்களுடைய நினைவுகளை யார் கேட்டார்? களர்நிலத்துக் கிணற்றில் நாள்தோறும் துணி வெளுத்த பெண்ணை, ஒரு வீரனின் வெள்ளாடையைப் பாடும்போது மறவாது குறித்தவரும் அதே ஒளவையார்தாம். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் புலவர்க்கு இருந்த கண் நமக்கு இல்லாமற் போகலாமா?

1963 முதல் 1968 வரை கல்லூரிகளில் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாய் இருந்தது. அக்காலத்தில் காக்கி உடுத்தியோர் இன்று எழுபத்தைந்தைக் கடந்து, நம் ஊர்களிலேயே தாத்தாக்களாய் வாழ்கின்றனர். படையின் துணியும் மாறிவிட்டது. 2022 ஜனவரி 15 படைநாளன்று புதிய போர்ச்சீருடை அறிமுகமாயிற்று. கரிப்பெட்டியை அறிந்த தலைமுறை இன்னும் சில ஆண்டுகளே நம்மோடிருக்கும்.

மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் உங்கள் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் ஒருவரைக் கண்டு, கையிலுள்ள கைப்பேசியிலேயே அவர் குரலைப் பதிந்து வாருங்கள். போரைப் பற்றிப் பிறகு கேளுங்கள். முதலில் உடுப்பைப் பற்றிக் கேளுங்கள். தமிழில் அவர்கள் வழங்கிய பட்டாளத்துச் சொற்களைத் தொகுத்தால், அதுவே நம் துறைக்கு ஓர் அகராதியாகும்.

விடைபெறும்போது அந்தப் பெரியவரின் கட்டிலைப் பார்த்தேன். கம்பளி நான்கு மூலையும் ஒத்து மடிந்திருந்தது. கேட்பார் வரும்வரை அவர் நினைவுகளும் அவ்வாறே மடிப்புக் கலையாமல் காத்திருந்தன. எத்தனை வீடுகளில் இன்னும் அவ்வாறு காத்திருக்கின்றனவோ!